ஆறு டேங்கின் இடப்பக்கம்

பெயிண்டர் உட்கார மறுத்துவிட்டாள்.

"உக்காந்தா அழுதுடுவேன்மா. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்" என்றாள். அவளுடைய நகங்களின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் காய்ந்திருந்தது. கையில் நாலாக மடித்த ஒரு தாள். அதைக் கிழித்து எறியவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் ஒரு வாரமாக அவஸ்தைப்பட்டிருக்கிறாள் என்பது அந்தத் தாளின் கசங்கலிலேயே தெரிந்தது.

சர்வேயர் அம்மாள் வற்புறுத்தவில்லை. வாகன இன்சூரன்ஸில் முப்பத்தோரு வருஷம் சேதம் பார்த்தவர் அவர். நசுங்கின கதவைப் பார்த்தால், மோதியது லாரியா சுவரா என்று சொல்லிவிடுவார். வண்டிக்காரர் சொல்வது பொய் என்பதை அதற்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும், நியாயம் கிடைக்காதவர்கள் வீடு தேடி வருவது நிற்கவில்லை. அவருடைய கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்தவர். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், நோட்டும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்துவிடுவார். இன்றும் உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல இருந்து சொல்லுமா" என்றார் வாத்தியார், பென்சிலைக் கூராக்கிக்கொண்டே.

விஷயம் இதுதான். பெயிண்டருக்குச் சொந்தமாக ஒரு பட்டறை. மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்கு அவள் பெயிண்ட் அடிப்பாள். அவளுடைய தம்பி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவான். பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு பார்சல் கம்பெனி தன்னுடைய இருபத்திரண்டு வண்டிகளையும் அவர்களிடம் கொடுத்துப் புதுசாக்கிக்கொண்டது. சிவப்பு டேங்க், இரண்டு பக்கமும் கம்பெனியின் வெள்ளைச் சின்னம். இப்போது அதில் ஆறு டேங்க் கொப்பளித்துவிட்டது. பெயிண்டும் பொங்கி, மேலே ஒட்டிய ஸ்டிக்கரும் பொங்கி, பார்க்கவே சகிக்கவில்லையாம்.

"ஸ்டிக்கர் ஒட்டறப்ப சோப்புத் தண்ணி தெளிச்சுதான் ஒட்டணும். அப்பதான் நகர்த்தி நேராக்க முடியும். அப்புறம் ரப்பர் கட்டையால தண்ணியை வழிச்சு வெளியே தள்ளணும். என் தம்பி அதைச் சரியா வழிக்கல, உள்ளேயே தண்ணி தங்கிடுச்சுன்னு மேனேஜர் சொல்றார்."

"தம்பி என்ன சொல்றான்?" என்று கேட்டார் அம்மாள்.

பெயிண்டர் தரையைப் பார்த்தாள். "'இது என் கொப்புளம் இல்லக்கா'ன்னான். நான் கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். நாலு நாளாச்சு, பட்டறைக்கே வரல. போன் எடுக்கறதில்ல."

அம்மாள் தாளை வாங்கிப் பிரித்தார். பார்சல் கம்பெனி மேனேஜரின் கடிதம், நாலாம் தேதியிட்டது. ஸ்டிக்கர் ஒட்டியவரின் கவனக்குறைவால் கீழ்க்கண்ட ஆறு வண்டிகளின் டேங்குகள் பாழாகிவிட்டன. எண்கள்: 3, 7, 8, 12, 15, 19. அதற்குக் கீழே ஒப்புதல் என்ற தலைப்பில் பெயிண்டர் எழுதுவதுபோல் அவர்களே அடித்து வைத்திருந்தார்கள்: 'மேற்படி நபரின் தவறை ஒப்புக்கொள்கிறேன். அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன். இனி எந்தப் பட்டறையிலும் அவர் இந்த வேலை செய்யத் தகுதியற்றவர் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.'

"அடப்பாவி!" என்றார் வாத்தியார். "ஒருத்தன் பொழப்புலயே மண்ணைப் போடறதுக்கு எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான் பாரு. தெரிவித்துக்கொள்கிறேனாம்!"

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் இருந்தன.

"இனிஷியல் போட்டேன்" என்றாள் பெயிண்டர். "அதுக்கு மேல கை ஓடல. இன்னிக்கு மூணு மணிக்கு அவங்க தலைமை ஆபீஸ்ல இருந்து அதிகாரி வரார். அவர் கையில இதைக் கொடுத்தாகணும். கொடுத்தா பட்டறை தப்பிக்கும், தம்பி போயிடுவான். கொடுக்கலைன்னா ரெண்டும் போயிடும். மேனேஜர் ஊர்ல இருக்கற எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் சொல்லிடுவேன்னு சொல்றார்."

"படம் ஏதாவது எடுத்தியா?"

பெயிண்டர் போனை நீட்டினாள். ஐந்து படங்கள். அம்மாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாமே இடப்பக்கமாவே எடுத்திருக்கியே?"

"வலப்பக்கத்துல ஒண்ணும் இல்லம்மா. வழுவழுன்னு இருக்கு."

வாத்தியார் துள்ளி எழுந்தார். "அப்ப உன் தம்பி இடது கைக்காரனா?"

"இல்லையே சார். சோத்துக் கையாலதான் ஒட்டுவான்."

வாத்தியார் ஏமாற்றத்துடன் உட்கார்ந்தார். அம்மாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்னங்க, உங்க வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்குங்க. வேலை இருக்கு" என்றார்.

*

பார்சல் கம்பெனியின் முற்றம் நீளமானது. மேலே கூரை இல்லை. பாதி வண்டிகள் வெளியே போயிருந்தன. மீதி எல்லாம் சைடு ஸ்டாண்டில் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசையாக நின்றன. சுவரோரம் இரண்டு பெட்ரோல் டிரம்கள் நிமிர்ந்து நின்றன. ஒன்றில் கை பம்பு பொருத்தியிருந்தது. காலையில் பெய்த மழையின் தண்ணீர் டிரம்மின் மேல்மூடியில், உயர்ந்த விளிம்புக்குள் இன்னும் குளம் கட்டி நின்றது.

மேனேஜர் தன் அறையிலேயே வரவேற்றார். புது அறை, குளுகுளுவென்று இருந்தது. ஜன்னல் கிடையாது, சுவரில் தரையை ஒட்டி மட்டும் சிறு சிறு காற்றுத் துளைகள், அவற்றையும் அட்டை வைத்து அடைத்திருந்தார். கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்டுக்கு அடியில் வேறு ஏதோ சிவப்புப் படம் மங்கலாகத் தெரிந்தது.

"இன்சூரன்ஸ்காரங்களா? இதுல உங்களுக்கு என்னம்மா வேலை?" என்றார் மேனேஜர். பெயிண்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. "பொம்பளை நடத்தற பட்டறையாச்சேன்னு பாவம் பார்த்து வேலை கொடுத்தேன். எனக்கு வேணும்."

பெயிண்டரின் தாடை இறுகியது. பாவம் பார்த்தாராம்! ஊரில் மூன்று பட்டறைகள் அந்த டேங்குகளைப் பார்த்துவிட்டு, தேய்த்து எடுக்கவே ஒரு மாதமாகும் என்று திருப்பியனுப்பின. இவள் பத்தொன்பது நாளில் முடித்துக் கொடுத்தாள். அதெல்லாம் இந்த மனுஷருக்கு மறந்துபோய்விட்டது.

அம்மாள் நிதானமாகக் கேட்டார். "இந்தக் கடிதத்துல இருக்கற ஆறு வண்டி எண்ணையும் யார் பார்த்து எழுதினது?"

"வேற யாரு? நானேதான். ஒவ்வொரு டேங்கையும் தடவிப் பார்த்து, கொப்புளம் இருக்கறதை மட்டும் எழுதினேன். வாய்க்கு வந்ததை எழுதற ஆளில்ல நான்."

"நாலாம் தேதியா?"

"அதுல போட்டிருக்கு பாருங்க."

இதற்குள் வாத்தியாரின் பென்சில் கீழே விழுந்து உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுத்தவர் உடனே எழுந்திருக்கவில்லை. வெளியே வந்ததும் மனைவியின் காதருகே கிசுகிசுத்தார்.

"சர்வேயரே, அந்த ஆள் மேஜைக்கு அடியில, சிமெண்டுத் தரையில ரெண்டு வட்டம். காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி அச்சா இருக்கு. துருக் கறை மாதிரி பழுப்பு நிறம். என் பிள்ளைங்க ஒருத்தன்கூட அப்படி வட்டம் போட்டதில்ல."

"எவ்வளவு பெரிசு?"

வாத்தியார் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அம்மாள் தலையை மட்டும் ஆட்டினார்.

மெக்கானிக் முற்றத்தின் கோடியில் இருந்தார். நடுத்தர வயது, ஒல்லியான தேகம், யாருடைய முகத்தையும் நேராகப் பார்க்காத பார்வை. அவருக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பா ஒன்று திறந்திருந்தது. வாத்தியார் மனைவியின் முழங்கையை இடித்தார். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும்.

கடிதத்திலிருந்த ஆறில் ஐந்து வண்டிகளை, அதிகாரி பார்ப்பதற்காகத் தனியே நிறுத்தியிருந்தார்கள். அம்மாள் மூன்றாம் எண் வண்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கொப்புளங்கள் டேங்கின் இடப்பக்கம், கீழ் விளிம்பை ஒட்டிக் கூட்டமாக இருந்தன. ஸ்டிக்கர் முடிந்த இடத்துக்குக் கீழேயும், வெறும் பெயிண்டிலும்கூட இரண்டு மூன்று இருந்தன. ஸ்டிக்கரின் மேல்பாதி ஒட்டியது ஒட்டியபடி, சின்னச் சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது.

அம்மாள் சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, ஒரு கொப்புளத்தைக் குத்தினார். கணவரின் கைக்குட்டையை அதன்மேல் ஒற்றி எடுத்தார். பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு ஊறிப் படர்ந்தது.

"ஐயோ, என் கைக்குட்டை!" என்ற வாத்தியார், அதை மூக்கருகே கொண்டுபோனார். "பெட்ரோல் வாடையும் அடிக்குதே!"

"வண்டிக்கெல்லாம் பெட்ரோல் எங்கே போடறீங்க?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார் அம்மாள்.

"தூர ரூட்டு வண்டிங்க பெட்ரோல் பங்குல போட்டுக்கும்மா. பக்கத்து ரூட்டு வண்டி மட்டும் இங்க டிரம்ல இருந்து போடும்."

"பக்கத்து ரூட்டு எத்தனை?"

மெக்கானிக் ஆயில் டப்பாவை மூடினார். "ஆறு."

அந்த நேரம் பார்த்து ஒரு வண்டி இருமிக்கொண்டே உள்ளே வந்து நின்றது. எண் பத்தொன்பது. ஓட்டி வந்த பெண்ணை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பாருங்க அண்ணே, மறுபடியும் இருமுது! மழைக்காலம் ஆரம்பிச்சதுல இருந்து இதே பாடுதான். மேனேஜர்கிட்ட சொன்னா, 'நீ ஓட்டற லட்சணம் அப்படி'ன்றார். இப்ப டேங்க் வேற பொங்கிடுச்சு."

"எப்பம்மா பொங்குச்சு?" என்று கேட்டார் அம்மாள்.

"முந்தாநாள், ஒன்பதாம் தேதி. அன்னிக்கு என் பிறந்த நாள், அதனால நல்லா ஞாபகம் இருக்கு. முதல் நாள் சாயங்காலம்தான் வண்டியைக் கழுவித் துடைச்சு போட்டோ எடுத்தேன். அப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இந்தாங்க, நீங்களே பாருங்க."

அம்மாள் போனை வாங்கிப் பார்த்தார். படத்தின் தேதியையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்ததை அந்த முற்றத்தில் வாத்தியார் ஒருவர்தான் கவனித்தார். நாற்பது வருஷத்தில் நாலைந்து தடவைதான் அந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார். அது கோபம்.

"சிட்டு, வண்டியை ஆஃப் பண்ணிட்டு இறங்கு. தள்ளிக்கிட்டுப் போய் அந்த ஓரமா நிறுத்து. யார் சொன்னாலும் இனிமே இதை எடுக்காதே." பிறகு மெக்கானிக்கிடம், "மூடியோட ஒரு கண்ணாடி பாட்டில் கிடைக்குமா? பம்பு அடிச்சு டிரம்ல இருந்து பாதி பிடிச்சுக் கொடுங்க" என்றார். "என்னங்க, நீங்க போய் இவங்க தம்பியைத் தேடிக் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டேன்னா?"

"அவன் கொப்புளம் இல்லைன்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. வருவான்."

*

மூன்று மணிக்கு அந்தப் புது அறையில் நிற்க இடமில்லை. தலைமை அலுவலக அதிகாரி மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர். மேனேஜர் தன் நாற்காலியில் இருந்தார். மெக்கானிக்கும் சிட்டுவும் சுவரோரம் நின்றார்கள். தம்பி வாசற்படியோடு நின்றுகொண்டான். அக்காவைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையிலிருந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் தெளிவா இருக்கு சார்" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "தோ நிக்கறானே, இவன் வேலை. அரைகுறையா ஒட்டிட்டு..."

"ஒரு நிமிஷம்" என்றார் அம்மாள். "தம்பி, இருபத்திரண்டு டேங்குக்கும் நீதானே ஒட்டினே?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும்?"

"ஒரு பக்கம் மட்டும் ஒட்ட நான் என்ன லூசா?" என்றான் தம்பி. நாலு நாள் கோபம் அவனுக்கு.

அம்மாளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "நாப்பத்தி நாலு ஸ்டிக்கர். அதுல ஆறு மட்டும் கெட்டிருக்கு. அந்த ஆறும் இடப்பக்கம். அதுவும் கீழ் ஓரம். வழிக்காத சோப்புத் தண்ணி இப்படி ஒரே இடமாப் பார்த்து உக்காருமா? அப்படியே தங்கியிருந்தாலும் ஒரு மாசத்துல காஞ்சு போயிருக்கும். பத்து மாசம் கழிச்சு வராது. அதோட, ஸ்டிக்கரே இல்லாத இடத்துலயும் கொப்புளம் இருக்கு. ஸ்டிக்கர் பெயிண்டைத் தூக்கல சார். பெயிண்ட்தான் ஸ்டிக்கரைத் தூக்கியிருக்கு."

"அப்படின்னா பெயிண்ட் மட்டம்!" என்றார் மேனேஜர் உடனே. ஒரு பழி நழுவினால் இன்னொரு பழியைத் தயாராக வைத்திருந்தார் மனுஷர்.

"பிரேக் ஆயில்..." என்று வாத்தியார் மெல்ல இழுத்தார்.

"பிரேக் ஆயில் மேல பட்டா பெயிண்ட் சுருங்கி உரியும். வழிஞ்ச தடம் இருக்கும். இங்க மேல் தோல் அப்படியே இருக்கு, உள்ளே இருந்து எதுவோ தள்ளுது." அம்மாள் கைக்குட்டையைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். பழுப்புக் கறை காய்ந்து வளையமாகியிருந்தது. "இது துருத்தண்ணி. டேங்க் இரும்பு. அது வெளியே இருந்து துருப் பிடிக்கல, உள்ளே இருந்து பிடிச்சிருக்கு. ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்து, அது வழியா வர்ற ஈரம் பெயிண்டைத் தூக்குது. இந்தப் பட்டறைக்காரங்க டேங்குக்கு வெளியே மட்டும் பார்ப்பாங்க. மெக்கானிக் இன்ஜினைப் பார்ப்பார். டேங்குக்கு உள்ளே யாரும் பார்க்கல."

"ஏன் இடப்பக்கம் மட்டும்?" என்று கேட்டார் அதிகாரி. அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"சிட்டு, அந்த பாட்டிலை எடு."

காலையில் டிரம்மிலிருந்து பிடித்து மூடி வைத்த பாட்டில் அது. சிட்டு அதை மேஜைமேல் வைத்தாள். பாட்டிலுக்குள் ஒரு கோடு கிழித்ததுபோல் இரண்டு அடுக்கு தெரிந்தது. மேலே பெட்ரோல். கீழே ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர்.

"இப்ப அதை இடப்பக்கமாச் சாய்ச்சுப் பிடி" என்றார் அம்மாள்.

சிட்டு சாய்த்தாள். தண்ணீர் அடியில் இடது மூலைக்கு ஓடி அங்கேயே நின்றது.

"இங்க எல்லா வண்டியும் சைடு ஸ்டாண்டுலதான் நிக்குது. சைடு ஸ்டாண்டு இடப்பக்கம். வண்டி இடப்பக்கமாத்தான் சாயும். தண்ணி பெட்ரோலை விட கனம். ராத்திரி முழுக்க, ஞாயித்துக்கிழமை முழுக்க, அது அந்த இடது மூலையிலேயே கிடந்து இரும்பைத் தின்னுருக்கு. பங்குல பெட்ரோல் போடற பதினாறு வண்டிக்கு ஒண்ணும் ஆகல. டிரம்ல போடற ஆறுக்கு மட்டும்தான்."

அதிகாரி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். "டிரம்முக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?"

"வெட்டவெளியில நிக்க வச்சா போகும். மூடி மேல மழைத்தண்ணி தேங்கும். பகல்ல வெயில்ல சூடாகி உள்ளே இருக்கற காத்து வெளியே போகும். குளிர்ந்ததும் டிரம் மூச்சை உள்ளே இழுக்கும். மூடியில இருக்கற திருகு வழியா மேல நிக்கற தண்ணியையும் சேர்த்து இழுக்கும். பெட்ரோலை வெளியில வைக்கக் கூடாது, கூரைக்குக் கீழே வைக்கணும். உங்க கம்பெனியும் அதுக்குன்னு ஒரு அறை கட்டித்தான் கொடுத்திருந்தது."

"ஆமா, கட்டினோமே. எங்கே அது?"

"அதுல நீங்க உக்காந்திருக்கீங்க" என்றார் அம்மாள்.

வாத்தியாருக்கு அப்போதுதான் விளங்கியது. "வட்டம்!" என்று கத்திக்கொண்டே மேஜையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். சிமெண்டுத் தரையில் இரண்டு துருவளையங்கள், டிரம்மின் அடி அளவுக்கு, அச்சாகப் பதிந்திருந்தன.

"கதவைப் பாருங்க" என்றார் அம்மாள். "பச்சைப் பெயிண்டுக்கு அடியில தீச்சுடர் படம் தெரியுது. பெட்ரோல் வாடை போறதுக்குத்தான் தரையோரம் துளை விட்டிருக்காங்க. சிட்டுவைக் கேட்டேன், இவர் குளுகுளுன்னு உக்காரணும்னு, ஒன்பது மாசம் முன்னாடி டிரம்மைத் தூக்கி மழையில போட்டுட்டார்."

மேனேஜர் எழுந்தார். முகம் வேர்த்திருந்தது. அந்தக் குளிரிலும். "சரி, இடத்தை மாத்தினேன். ஒத்துக்கறேன். அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? தண்ணி போகும்னு எனக்கென்ன கனவா வந்துச்சு? எனக்கே இப்பதான் தெரியுது."

"பொய்" என்றார் அம்மாள்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கசங்கிய கடிதத்தை அதிகாரியின் முன்னால் விரித்து வைத்தார்.

"தேதி நாலு. இவரே ஒவ்வொரு டேங்கையும் தடவிப் பார்த்து, கொப்புளம் இருந்ததை மட்டும் எழுதினதா காலையில என்கிட்ட சொன்னார். கடைசி எண் பத்தொன்பது. அது இந்தப் பொண்ணோட வண்டி. எட்டாம் தேதி சாயங்காலம் வரைக்கும் அதுல ஒரு கொப்புளம் கிடையாது, போட்டோ இருக்கு. இல்லாத கொப்புளத்தை நாலாம் தேதி எப்படித் தடவினார்?"

சிட்டு போனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"இவர் டேங்கையே பார்க்கல சார். டிரம் பெட்ரோல் குடிக்கற வண்டி எதெதுன்னு பார்த்து எழுதிட்டார். அஞ்சு பொங்கியாச்சு, ஆறாவதும் பொங்கும்னு இவருக்குத் தெரியும். ஏன் பொங்குதுன்னும் தெரியும். அதனாலதான் எல்லாத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே ஒரு ஆளைப் பிடிச்சு வச்சார்."

"நான் சொன்னேன் சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். மெக்கானிக். காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காதவர் இப்போது அதிகாரியின் கண்ணைப் பார்த்துப் பேசினார். "கார்புரேட்டரைக் கழட்டினா தண்ணியா வருது, டிரம்மை உள்ளே வைக்கணும்னு மூணு தடவை சொன்னேன். 'உனக்கு வேலை வேணுமா வேண்டாமா'ன்னு கேட்டார். வீட்ல மூணு பேர் இருக்காங்க சார், வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்புதான்."

அம்மாள் மேனேஜரை நெருங்கினார். அதுவரை இருந்த நிதானம் அவரை விட்டுப் போய்விட்டிருந்தது. "ஸ்டிக்கர் போனா வேற ஒட்டிக்கலாம். டேங்குல ஓட்டை விழுந்தா என்ன ஆகும்னு நீங்க யோசிச்சீங்களா? அது ஓட்டறவங்க ரெண்டு முழங்காலுக்கு நடுவுல இருக்கு. கீழே இன்ஜின் கொதிச்சுக்கிட்டு இருக்கு. பெட்ரோல் கசியும்னு தெரிஞ்சே, இந்தப் பொண்ணை இன்னிக்குக் காலை வரைக்கும் அந்த வண்டியில அனுப்பியிருக்கீங்க. வண்டி இருமுதுன்னு அவ சொன்னதுக்கு, ஓட்டற லட்சணம்னு சொல்லியிருக்கீங்க. முப்பத்தோரு வருஷத்துல நான் பார்க்காத விபத்து இல்ல. இவ்வளவு சாவகாசமா, குளுகுளு அறையில உக்காந்து விபத்துக்குக் காத்திருந்த ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"

சிட்டு இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மேனேஜர் வாயைத் திறந்தார். அவரிடம் இன்னொரு பழி மிச்சமிருந்திருக்கலாம். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "சாவியை மேஜை மேல வச்சுட்டு வெளியே போய் நில்லுங்க" என்றார். பிறகு மெக்கானிக்கிடம், "ஆறு டேங்கையும் இப்பவே கழட்டுங்க. டிரம் இன்னிக்கே இந்த அறைக்குள்ள வரணும்" என்றார். பெயிண்டரிடம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்பதாகச் சொல்லிவிட்டு, அந்த வளையங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

*

முற்றத்தில் வெயில் அடித்தது. பெயிண்டர் தம்பியின் எதிரே போய் நின்றாள். வாத்தியார் கொஞ்ச தூரத்தில் நின்றபடி நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

"அந்தக் கடுதாசியைக் கொடு" என்றான் தம்பி.

"எதுக்குடா? கிழிச்சுடறேன்."

"கொடுக்கா."

வாங்கிப் பிரித்துப் படித்தான். தகுதியற்றவர் என்ற வரியை இரண்டு தடவை படித்தான். கீழே அந்த ஒற்றை எழுத்தையும் புள்ளியையும் பார்த்தான். அது அப்பாவின் பெயருக்கான எழுத்து. அவன் கையெழுத்தும் அதில்தான் ஆரம்பிக்கும்.

"இதுவரைக்கும் வந்துட்டே" என்றான்.

பெயிண்டருக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. "பெயிண்டா ஸ்டிக்கரான்னு கேட்டாங்கடா. பெயிண்டுன்னா நான். ஸ்டிக்கராவே இருந்துடட்டும்னு... ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். மேனேஜர் மேல கோவப்பட எனக்கு யோக்கியதையே இல்ல. அவன் யாரோ. நான் உன் அக்கா."

அந்தப் பக்கம் மெக்கானிக் கழற்றிக்கொண்டு வந்த மூன்றாம் எண் டேங்கைத் தரையில் வைத்தார். தம்பி போய் அதன் முன்னால் உட்கார்ந்தான். வலப்பக்கம் தான் ஒட்டிய ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தான். பத்து மாத வெயிலுக்கும் மழைக்கும் அது இம்மிகூட எழும்பவில்லை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அதை ஏண்டா வச்சுக்கறே?"

"இருக்கட்டும். அடுத்த தடவை நீ என்னைத் திட்டறப்ப எடுத்துக் காட்டறதுக்கு." எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "நாளைக்கு வேலைக்கு வரேன். ஆனா பத்து நாளைக்கு உன்கூடப் பேசமாட்டேன்."

"பத்து நாளா!"

"இனிஷியலோட நிறுத்தினதால பத்து நாள். முழுசாப் போட்டிருந்தா வந்தே இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அக்காவுக்குக் காத்திருக்காமல் நடக்க ஆரம்பித்தான். முற்றத்தின் வாசல் வரைக்கும் போனவன், அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமலே அவள் வருவதற்காகக் கொஞ்ச நேரம் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.